கெமிக்கல் இல்லாத வீடு

எங்கள் தெருவில் கெமிக்கல் என்றால் இன்பராஜ்தான். மற்றவர்கள் எல்லாரும் ஷூ கம்பெனிக்குப் போகிறோம். வெட்டுகிறோம், தைக்கிறோம், ஒட்டுகிறோம், என்னைப் போல ஒன்றுக்கும் உதவாதவர்கள் பெட்டியில் போட்டு மூடுகிறோம். அவன் ஒருவன்தான் இன்னும் தோல் பதனிடுகிற டேனரிக்குப் போகிறவன். அங்கே ஆள் உயரத்தைத் தாண்டிய மர டிரம் இருக்கிறது. தோலும் தண்ணீரும் உப்பும் குரோமும் அதற்குள் ஒன்றாகச் சுற்றிச் சுற்றி, வெளுத்த தோல் நீலமாக வெளியே வரும். அந்த ஈரத் தோலை இழுத்துப் போட்டு அடுக்குவது இன்பராஜின் வேலை. ஈரத் தோலின் கனம் தூக்கியவனுக்குத்தான் தெரியும். நான் ஒருமுறை விளையாட்டாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுநாள் லீவு போட்டேன். அவன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து தூக்குகிறான். முதுகு இன்னும் நேராகத்தான் இருக்கிறது.

அவன் வீடு எனக்கு எதிர்வீடு. மனைவி பொன்மலர், மகள் அக்சா. அக்சாவுக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வீசிங் ஆரம்பித்தது. ராத்திரியில் ஆரம்பித்தால் விடிய விடிய நெஞ்சு விசில் அடிக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டாராம். டேனரி என்றதும், அப்படியானால் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள் என்றாராம். அவர் சொன்னது அவ்வளவுதான். அது ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆம்பூர் வந்து சேர்வதற்குள், சர்ச்சில் ஒரு வாய், குழாயடியில் ஒரு வாய், என் வீட்டிலேயே ஒரு வாய் என்று வளர்ந்து, அப்பன் மேலிருக்கிற கெமிக்கல்தான் பிள்ளையைக் கொல்கிறது என்று ஆகிவிட்டது.

இன்பராஜ் யாரிடமும் வாதாடவில்லை. வேலை விட்டு வந்ததும் வெளிக்குழாயிலேயே சோப்பு தீரத் தீரக் குளித்தான். டேனரித் துணிக்குத் தனி வாளி, தனிக் கொடி வைத்தான். அதுவும் போதாது என்று மொட்டை மாடியில் தகரத்தை நான்கு பக்கமும் அடித்து ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, தட்டையும் பாயையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டான். வேலூர் சீமை வெயில் சும்மா ஆளையே வறுத்துவிடும், தகரத்துக்கு அடியில் படுத்தவன் கதையைக் கேட்கவே வேண்டாம். நாங்கள் கேட்டால், மேலே நல்ல காற்று வருகிறது என்பான். காற்று வர அந்தக் கொட்டகையில் ஒரு துவாரம்கூடக் கிடையாது.

அக்சா வீட்டுப் பாடத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி தூரம் வரை ஏறுவாள். அவன் மேல்படியில் உட்கார்ந்திருப்பான். அதற்கு மேல் அவள் வரக் கூடாது, அவன் இறங்கக் கூடாது. அங்கிருந்தபடியே அவள் வாய்ப்பாடு ஒப்பிப்பாள், அவன் தப்புப் பிடிப்பான். அதை என் வாசலில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டாக்டர் மேல் ஒரு கோபம் வரும். பாவம், அவர் என்ன செய்வார்.

பொன்மலரும் சும்மா இருக்கவில்லை. கம்பெனியில் அவள் நல்ல கை, சூப்பர்வைசரே மடிப்பு மடிக்க அவளைத்தான் கூப்பிடுவார். பிள்ளைக்கு எப்போது இழுக்கும் என்று தெரியாது, பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று வேலையை விட்டுவிட்டாள். ஏஜெண்டு அப்துல் வஹீத் பாய் டிவிஎஸ்ஸில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து இறக்குகிற ஷூ மேல்தோலை, முன்பு ராத்திரியில் மட்டும் வீட்டில் செய்தவள், இப்போது நாள் முழுக்க வாங்கிச் செய்தாள். ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, காய விட்டு, மடித்து, சுத்தியலால் தட்ட வேண்டும். தூசி ஒட்டினால் பாய் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதனால் உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் செய்வாள். அக்சாவைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்வாள். பிரஷ் ஒரு கையில், பிள்ளையின் முதுகு ஒரு கையில். அவளைப்போல ஒரு தாயை நான் பார்த்ததில்லை, இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

ஐப்பசி மழையில் அக்சாவை இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆனது. பொன்மலரும் பிள்ளையும் ஆட்டோவில் போனார்கள். இன்பராஜ் மழையில் நனைந்துகொண்டே சைக்கிளில் ஆட்டோவுக்குப் பின்னால் மிதித்தான். திரும்பி வந்ததும் என்னிடம் வந்து, ஓசூரில் மச்சான் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருக்கிறான், அங்கே போய்விடலாம் என்று இருக்கிறேன் என்றான். குடும்பத்தோடா என்றேன். தனியாகத்தான், நான் இல்லாத வீடுதான் பிள்ளைக்கு நல்லது என்றான். அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நந்தினி வந்தாள். கணியம்பாடிப் பக்கத்துப் பெண். வீசிங் உள்ள பிள்ளைகள் வீடுகளில் அன்றாடம் என்னென்ன காற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க ஆஸ்பத்திரி நடத்துகிற ஓர் ஆராய்ச்சியில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஆள் வருகிறார்கள் என்று பொன்மலர் வேலைக் கட்டையெல்லாம் ஏறக்கட்டி, சொல்யூஷன் டின்னைப் பரணில் ஏற்றி, வீட்டைக் கழுவி, ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தாள். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

நந்தினி பையிலிருந்து மூன்று பட்டைகளை எடுத்தாள். சிமெண்ட் நிறத்தில் சிலிகான் பட்டை, கைக்கடிகாரத்துக்கு வார் மட்டும் வந்த மாதிரி. நானும் என் வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றுகொண்டேன். அதில் விளக்கு எரியவில்லை, பேட்டரி இல்லை, திரையும் இல்லை. இதற்கா ஆஸ்பத்திரிக்காரர்கள் வீடு தேடி வருகிறார்கள் என்று இருந்தது.

"இது இன்னாம்மா பண்ணும்?" என்று இன்பராஜ் வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்டான்.

"ஒண்ணுமே பண்ணாதுண்ணா. சும்மா கையில கெடக்கும். உங்கள சுத்தி காத்துல இன்னா இருக்குதோ அத கொஞ்சம் கொஞ்சமா இழுத்து வெச்சுக்கும்." அக்சாவைப் பார்த்தாள். "ஃபிரிட்ஜுல கருவாட்டுக்குப் பக்கத்துல வெண்ணெய வெச்சா இன்னா ஆவும்?"

"வெண்ணெ கருவாடு ஆவும்," என்றாள் அக்சா.

"கரெக்ட். இந்தப் பட்டைதான் வெண்ணெ. அடுத்த ஞாயித்துக்கெழமை நான் வந்து வாங்கினு போய் லேப்ல குடுப்பேன். கருவாடு எங்க இருந்துச்சுன்னு அவங்க சொல்லுவாங்க."

குளிக்கும்போதும் கழற்றக் கூடாது, தூங்கும்போதும் கழற்றக் கூடாது. அப்புறம் சில கேள்விகள் கேட்டாள். விறகடுப்பா, கேஸா. கொசுவத்தி உண்டா. நாய் பூனை உண்டா. பொன்மலர் கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் பதில் சொன்னாள்.

"வீட்டுல கெமிக்கல் எதுனா யூஸ் பண்றீங்களாக்கா?"

"அய்யோ, கெமிக்கலே கெடையாது மேடம். அவரு துணியகூட உள்ள எடுத்தார விடமாட்டேன்."

இன்பராஜும் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். அதில் பொய் ஒரு துளியும் இல்லை. கெமிக்கல் என்பது டேனரியில் டிரம்மில் இருப்பது, வாசலில் மண்டையோடு போட்ட மூட்டையில் வருவது. எங்களுக்கு அது தெரியாதா?

பட்டை கையில் ஏறிய மறுநாளே பள்ளிக்கூடத்தில் தகராறு. சாதிக்கு ஒரு கலரில் கையில் கயிறு கட்டி வரக் கூடாது என்று அங்கே கண்டிப்பான உத்தரவு. நல்ல உத்தரவுதான். எந்தக் கலராக இருந்தாலும் பட்டை கூடாது, கழற்று என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அக்சா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று நின்றிருக்கிறாள். அடக்கமான பிள்ளை, எதிர்த்துப் பேசியே பழக்கமில்லை. என்னடி காரணம் என்று டீச்சர் அதட்டியதும் அழுதுவிட்டாளாம்.

"இத கழட்டினா எங்கப்பா கீழ வர முடியாது மிஸ்."

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டார். இன்பராஜ் டிரம்மடியிலிருந்து அப்படியே ஓடி வந்தவன், பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே வராமல் புங்க மரத்தடியில் நின்றுவிட்டான். உள்ளே வாங்க என்றதற்கு, வேண்டாம் மிஸ், டேனரியிலிருந்து அப்படியே வந்திருக்கிறேன், பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றானாம். அந்த டீச்சர் நல்ல மனுஷி. அவரே மரத்தடிக்குப் போய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நந்தினியிடமும் போனில் பேசிவிட்டு, பட்டையைக் கையிலிருந்து கணுக்காலுக்கு மாற்றி, மேலே சாக்ஸைத் தானே இழுத்துவிட்டிருக்கிறார். ஒரு கொலுசு மாதிரி அது ஞாயிறு வரைக்கும் அங்கேயே கிடந்தது. இதை அந்த டீச்சர் பின்னால் என் மனைவியிடம் சொல்லும்போது கண் கலங்கினாராம்.

டேனரியில் இன்பராஜை, என்னப்பா, புதுசாக மைனர் ஆகிவிட்டாயா என்று கேலி செய்தார்கள். அவன் கவலைப்படவில்லை. பொன்மலர் மணிக்கட்டில் பட்டையோடு ராகி கலி கிளறினாள், கறி அரிந்தாள், மேல்தோலுக்கு சொல்யூஷன் தடவினாள். அடுத்த ஞாயிறு நந்தினி வந்து மூன்றையும் தனித்தனியாகப் பளபளக்கிற பைகளில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனாள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்றாள். அது வரட்டும், தெரிந்துகொண்டு ஓசூருக்குப் போகிறேன் என்று இன்பராஜ் மச்சானுக்குச் சொல்லிவிட்டான்.

மார்கழிப் பனியில் பிள்ளை ரொம்பவே சிரமப்பட்டாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்பராஜ் வாசலில் கட்டாமல் மாடியில் தன் கொட்டகைக்கு மேலே கட்டினான், கீழே படுத்திருக்கிற பிள்ளைக்கு ஜன்னலில் வெளிச்சம் தெரியட்டும் என்று. ஜன்னல்தான் சாத்தியிருந்ததே.

பங்குனியில் ஒருநாள் சாயங்காலம் நந்தினி சொல்லாமல் வந்து நின்றாள். எனக்கு அன்று வார லீவு. முடிவு வந்துவிட்டது என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பின்னாலேயே போனேன். பொன்மலர் அவசர ஆர்டர் ஒன்றில் முங்கிக் கிடந்தாள். ஏறக்கட்ட நேரமில்லை. கதவைத் திறந்ததும் உள் அறைக்குள் காலெடுத்து வைத்த நந்தினி, மூக்கில் ஏறிய நெடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. முடிவை முதலில் சொன்னாள். அண்ணன் பட்டையில் டேனரிச் சமாச்சாரம் கொஞ்சம் இருக்கிறது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் டொலுயீன், இன்னும் வாயில் நுழையாத ஒன்றிரண்டு பெயர்கள், மூச்சுக்குழாய்க்கு ஆகாத சரக்கு, அதெல்லாம் அவர் பட்டையில் ரொம்பக் கம்மி. அக்கா பட்டையில் ஜாஸ்தி. எல்லாரையும்விட ஜாஸ்தி பாப்பா பட்டையில்.

"எனக்கு பிடிபடவே இல்லக்கா. பாப்பா டேனரிக்குப் போவல. வீட்டுல கெமிக்கல் எதுவும் இல்லன்னீங்க."

"இல்லியேம்மா," என்றாள் பொன்மலர். பிரஷ் இன்னும் கையில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் டிவிஎஸ் சத்தம். வஹீத் பாய் டின்னோடு உள்ளே வந்தார்.

"மலரும்மா, சொல்யூஷன் தீந்துபோச்சுன்னியே. இந்தா, புது டின்னு."

நந்தினி டின்னைப் பார்த்தாள், பிரஷ்ஷைப் பார்த்தாள்.

"இது இன்னாக்கா?"

"இதுவா? சொல்யூஷன்மா."

"இதுல இன்னா இருக்கும்?"

"சொல்யூஷன்தான் இருக்கும்," என்றாள் பொன்மலர் வெகுளியாக. சொல்லிவிட்டுத் தானே நிறுத்தினாள்.

பொரிகடலை வாங்குகிற மாதிரி நாங்கள் அதை வாங்குகிறோம். எங்கள் அம்மாக்கள் தடவினார்கள், நான் தடவியிருக்கிறேன், தெருப் பிள்ளைகள் டின் மூடியில் காய்ந்த சொல்யூஷனை உரித்து உருட்டிப் பந்து விளையாடுகிறார்கள். அது கெமிக்கல் என்று ஒருவர் வாயிலும் வந்ததில்லை. டின்னை நந்தினி திருப்பிப் பிடித்தாள். நெருப்புப் படமும், ஒரு மனிதன் நெஞ்சில் வெடித்த மாதிரி ஒரு படமும் போட்டிருந்தது. பொன்மலர் அதைத் தினமும் பார்க்கிறவள்தான்.

பொன்மலர் மெல்ல உட்கார்ந்தாள். பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு.

"அவரு மேல பழி போட்டு மாடிக்கு அனுப்பினேன். புள்ளைய மட்டும் எம்பக்கத்துலயே உக்கார வெச்சுக்கினேன். ஜன்னல சாத்திக்கினு."

நந்தினி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல தப்பு இல்லக்கா. நாங்க கேட்ட கேள்வி தப்பு. கெமிக்கல் இருக்குதான்னு கேட்டுட்டேன். சொல்யூஷன் இருக்குதான்னு கேட்டிருக்கணும். இனிமே இந்தப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் கேப்பேன்." படித்த பெண் ஒருத்தி இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

வஹீத் பாய் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டிலும் மருமகள் ஒட்டுகிறாள். எக்ஸ்போர்ட் லாட்டுக்குத் தண்ணீரில் கரைகிற சொல்யூஷன் கம்பெனிக்குள்ளே இருக்கிறது, காய நேரமாகும், பேஜார் பிடித்த வேலை, ஆனால் கேட்டு வாங்கப் பார்க்கிறேன், கிடைக்கிற வரைக்கும் ஒட்டுகிற லாட்டைக் குறைத்துத் தையல் லாட்டாகத் தருகிறேன் என்றார். டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் வெளியே வைத்தார்.

வெளிக்குழாயில் தண்ணீர் சத்தம் கேட்டது. இன்பராஜ் வந்துவிட்டான். குளித்து முடித்து, துணி மாற்றி, வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்றான். எங்கள் முகங்களைப் பார்த்ததும் அவன் முகம் விழுந்துவிட்டது. டேனரிதான் என்று நினைத்திருப்பான். நந்தினி அவனுக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். குளிப்பதை விடாதீர்கள், தனித் துணியையும் விடாதீர்கள், ஆனால் பாப்பாவுக்கு இழுப்பு உங்களால் வரவில்லை என்று இரண்டு தரம் சொன்னாள். ஜன்னலைத் திறந்துவைத்து இந்த வேலையைப் பிள்ளையிடமிருந்து தள்ளி வைத்தால் நிச்சயம் குறையும், அடியோடு நின்றுபோகும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது என்றாள்.

இன்பராஜ் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தகரத்துக்கு அடியில் எத்தனை ராத்திரி வெந்தவன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பொன்மலரைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு உரிமை இருந்தது. நானாக இருந்தால் தெருவே கேட்கச் சொல்லியிருப்பேன். பொன்மலர் அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"சரி," என்றான் அவன். "அப்போ சொல்யூஷன் மாடிக்குப் போவட்டும். நான் கீழ வந்துர்றேன்."

அவ்வளவுதான் சொன்னான். சொன்ன கையோடு, அண்ணே, குறடு இருக்குதா என்று என்னைக் கேட்டான்.

வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். நான்கு பக்கத் தகரத்தையும் ஆணி பிடுங்கிக் கழற்றினோம். கூரையை மட்டும் விட்டுவைத்தோம், அவளுக்கு வெயில் படக் கூடாது என்று. கழற்றிய பக்கமெல்லாம் பாலாற்றுப் பக்கத்திலிருந்து காற்று நேராக வந்தது. மேலே நல்ல காற்று வருகிறது என்று அவன் இத்தனை நாள் சொன்ன பொய், அன்றைக்குத்தான் உண்மையாயிற்று. தூசி ஒட்டுமே என்றேன். வலை கட்டிக்கலாம் என்றான். பொன்மலர் வேலைக் கட்டையையும் சுத்தியல் கல்லையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, அவனுடைய பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். படியில் அவனைத் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் அவன் தோளில் நெற்றியை வைத்து எடுத்தாள்.

நான் குறடை எடுத்துக்கொண்டு கீழே வரும்போது உள் அறை ஜன்னல் திறந்திருந்தது. இன்பராஜ் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஈரத் தோலைத் தொட்ட கை மாதிரி இரண்டையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தான். அக்சா புத்தகப் பையோடு வந்து அவன் முன்னால் நின்றாள். படியில் நின்ற பழக்கம், நடுவில் இடம் விட்டுத்தான் நின்றாள். அப்புறம் குனிந்து அவன் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"சோப்பு வாசனதாம்ப்பா வருது," என்றாள்.

பிறகு அவன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தொடங்கியவள் பாதியிலேயே தூங்கிப்போனாள். மூச்சு கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வந்தது. அவன் அதைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். பொன்மலர் தட்டில் கலியும் கறிக்குழம்பும் போட்டு வந்து பக்கத்தில் வைத்தாள். அவன் கையை அசைக்கவில்லை.

"கலி ஆறுது அக்சாப்பா. சாப்புடு," என்றாள்.

"ஆறட்டும்," என்றான் இன்பராஜ்.